பிறந்த மறுநாளே கழியுதா? வெண்பன்றிக் குட்டிகளின் பேதியும் நாம் செய்ய வேண்டியதும்



கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி என்றால் குழுக் கூட்டத்தில் எல்லோரும் பேசுவோம். பன்றி என்றால் மட்டும் பேச்சு நின்று விடுகிறது. "பன்னி வளர்க்கிறோம்னு எப்படிக்கா நாலு பேர் முன்னாடி சொல்றது?" என்று தயங்குகிற உறுப்பினர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தமிழில் பன்றி, கன்னடத்தில் ஹந்தி, தெலுங்கில் பந்தி. மூணு பாஷையும் புழங்குகிற ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கத்தில் எந்தப் பாஷையில் சொன்னாலும் முகம் சுளிப்பது ஒண்ணுதான். ஆனால் வெண்பன்றி வளர்ப்பு கடன் வாங்கிச் செய்கிற முறையான தொழில். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு, இந்தப் பக்கம் சிப்காட். கறிக்கு வாங்க ஆள் இருக்கிறது. சொந்தமாக இரண்டு மூணு தாய்ப்பன்றி வைத்திருப்பவர்களும், பெரிய பண்ணைகளில் கூலிக்குப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. வெட்கப்பட வேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை. அதனால் இந்த முறை பன்றி பற்றியே எழுதுகிறோம். அதிலும் கடன் கட்ட முடியாமல் ஆக்குகிற முதல் நோயைப் பற்றி.

கணக்கைப் பாருங்கள். தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள் என்று மனசில் வைத்துக் கொள்ளலாம். இத்தனை நாளும் தீவனம் போட்டாச்சு. கொட்டகைக்குச் செலவு செய்தாச்சு. பத்துக் குட்டி ஈனுகிறது. மறுநாள் ஒரு குட்டி மஞ்சளாகத் தண்ணி போலக் கழிகிறது. சாயங்காலம் நாலு குட்டி கழிகிறது. மூணாம் நாள் ஆறு குட்டி செத்துக் கிடக்கிறது. ஒரு குட்டி 3000 ரூபாய்க்குப் போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால் 18,000 ரூபாய் போச்சு. பிழைத்த நாலு குட்டியும் உடம்பு தேறாமல் நோஞ்சானாக நிற்கும், விலை போகாது. இத்தனைக்கும் இந்தச் சாவில் பெரும்பகுதி தடுக்கக் கூடியது.

"பால் சேரலை", "தாய்க்குச் சூடு", "கண்ணு பட்டுடுச்சு" என்று காரணம் சொல்வோம். சிலர் பால்தான் காரணம் என்று குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தே வைத்து விடுவார்கள். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

பிறந்து முதல் நாலைந்து நாளில் வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்கிற பாக்டீரியாக் கிருமி. கண்ணுக்குத் தெரியாத உயிர். 1885இல் எஷரிக் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டு பிடித்தார். அவர் பெயரில் இருந்துதான் அந்த 'ஈ' வந்தது. நம் குடலிலும், மாட்டின் குடலிலும், பன்றியின் குடலிலும் ஈ.கோலை எப்போதும் இருக்கிறது. பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்யாது. ஆனால் அதில் சில வகைகளுக்கு உடம்பில் மயிர் போலக் கொக்கிகள் இருக்கும். குட்டியின் சிறுகுடல் சுவரில் அந்தக் கொக்கியை மாட்டிக் கொண்டு அப்படியே ஒட்டிக் கொள்ளும். பால் போகிற வேகத்தில் கூட அடித்துப் போகாது. அங்கேயே உட்கார்ந்து பெருகி ஒரு நச்சை விடும். அந்த நச்சு குடலைப் புண்ணாக்குவதில்லை. உடம்பில் இருக்கிற தண்ணியையும் உப்பையும் குடலுக்குள் இறைக்கச் செய்கிறது, அவ்வளவுதான். குட்டி சாவது தண்ணி வற்றித்தான்.

இந்த விஷயத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் நம் நாட்டவருக்குப் பெரிய பங்கு உண்டு. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர், முயலின் குடலை வைத்துச் சோதனை செய்து, காலராக் கிருமி விடுகிற நச்சுதான் பேதிக்குக் காரணம் என்று 1959இல் நிரூபித்தார். அதற்கு மூணு வருஷம் முன்பே, 1956இல், பேதி நோயாளிகளிடம் எடுத்த ஈ.கோலையும் அதே மாதிரி குடலில் நீர் கோர்க்கச் செய்வதைக் காட்டியிருந்தார். நம் கொட்டகையில் மஞ்சளாகக் கழிகிற குட்டியின் குடலில் நடப்பதும் காலராவுக்குச் சொந்தக்காரக் கதைதான்.

ஈ.கோலைக் கழிச்சலை எப்படி அடையாளம் காண்பது? கழிச்சல் தண்ணியாக, மஞ்சளாகவோ வெளுத்தோ இருக்கும். ரத்தம் இருக்காது. வாலும் பின்பக்கமும் ஈரமாக, சிவந்து போயிருக்கும். கண் குழி விழும். தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாது. ஆரம்பத்தில் குட்டி பால் குடித்துக் கொண்டுதான் இருக்கும், அதனால் ஏமாந்து விடுவோம். சில சமயம் கழிச்சல் தரையில் தெரியவே தெரியாது, தண்ணி போல வழிந்து காய்ந்து விடும். தினமும் காலையில் ஒவ்வொரு குட்டியையும் கையில் தூக்கி வாலுக்குக் கீழே பார்க்க வேண்டும். முதல் ஈற்றுத் தாயின் குட்டிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். அந்தக் கொட்டகையின் கிருமிகளோடு அதிகம் பழகாத இளம் பன்றியின் சீம்பாலில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும், அதனால் அதன் குட்டிகளுக்குத்தான் கழிச்சல் அதிகம் வரும்.

ரத்தக் கழிச்சல் வேறு

கழிச்சல் சிவப்பாகவோ, செம்பழுப்பாகவோ, அதில் தோல் துணுக்கு போல ஏதாவது இருந்தாலோ அது ஈ.கோலை இல்லை. கிளாஸ்டிரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்ற கிருமியின் 'சி' வகையாக இருக்கலாம். பெயர் வாயில் நுழையாவிட்டால் 'ரத்தக் கழிச்சல்' என்று சொன்னாலே மருத்துவருக்குப் புரியும். இது பிறந்த மூணு நாளுக்குள் வரும். காலையில் நன்றாக இருந்த குட்டி மறுநாள் இருக்காது. கழிவதற்கு முன்பே செத்து விடுவதும் உண்டு. இந்தக் கிருமியின் நச்சு குடல் சுவரையே அழுகச் செய்து விடும். வந்த பிறகு ஊசி போட்டுக் காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

இதில் ஒரு விசித்திரம். வளர்ந்த பன்றியின் வயிற்றில் இருக்கிற செரிமானச் சாறு இந்த நச்சை உடைத்துப் போட்டு விடும். ஆனால் சீம்பாலில் அந்தச் சாற்றைத் தடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி செரித்து வீணாகாமல் குட்டிக்குப் போய்ச் சேர இயற்கை செய்த ஏற்பாடு அது. அதே ஏற்பாட்டில் இந்த நச்சும் தப்பித்து விடுகிறது. பாப்புவா நியூகினி என்கிற தீவு நாட்டின் மலைவாசிகளுக்கும் இதே கிருமியால் குடல் அழுகல் வந்திருக்கிறது. பன்றிக் கறி விருந்துக்குப் பிறகு வரும். அவர்கள் அன்றாடம் சாப்பிடுகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் அதே மாதிரித் தடுக்கும் பொருள் இருப்பது ஒரு காரணம். அதற்காகக் கிழங்கைக் கண்டு பயப்பட வேண்டாம், நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

இந்தக் கிருமி விதை போல ஒரு கூட்டுக்குள் ஒளிந்து கொண்டு தரையில் மாதக் கணக்கில் கிடக்கும். சாதாரண பினாயிலுக்குச் சாகாது. ஒரு தடவை ரத்தக் கழிச்சல் வந்த கொட்டகையில் அடுத்த ஈற்றுக்கும் வரும் என்றே வைத்துக் கொள்ள வேண்டும். சினைத் தாய்க்கு ஈனுவதற்கு முன் தடுப்பூசி போட்டு, சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பாதுகாப்பு கொடுப்பதே வழி. ஈனும் தேதிக்கு ஐந்தாறு வாரம் முன்பு ஒன்று, இரண்டு மூணு வாரம் முன்பு ஒன்று என்று போடுவது வழக்கம். ஈ.கோலைக்கும் இந்த முறையில் தடுப்பூசி உண்டு. எது கிடைக்கும், நமக்கு எது தேவை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சினை ஊர்ஜிதம் ஆனதுமே கேளுங்கள். ஈனுகிற வாரத்தில் போய்க் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

வேறு கிருமிகளும் உண்டு. ஏழு முதல் பதினாலு நாளில் களிம்பு போலக் கழிந்தால் அது காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். ரோட்டா வைரஸும் வரும். இவை பாக்டீரியா இல்லை, ஆன்டிபயாட்டிக் ஊசி இவற்றை ஒன்றும் செய்யாது. எத்தனையாவது நாள் கழிச்சல் ஆரம்பித்தது என்று எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மருத்துவருக்குப் பாதி விடை அந்தத் தேதியிலேயே கிடைத்து விடும்.

சீம்பால்: முதல் நாளின் மருந்து

மனிதக் குழந்தை பிறக்கும் போது தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியாக முன்பே வந்து சேர்ந்திருக்கும். பன்றிக் குட்டிக்கு அது வராது. பன்றியின் நஞ்சுக்கொடி அதை விடுவதில்லை. குட்டி வெறுங்கையோடுதான் உலகத்துக்கு வருகிறது. சீம்பால் ஒன்றே அதற்குக் கவசம். அந்தக் கவசத்தைக் குட்டியின் குடல் முதல் 24 மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள் வரைதான் உள்ளே இழுத்துக் கொள்ளும். பிறகு கதவு மூடி விடும். சீம்பாலின் சத்தும் மணிக்கு மணி குறைந்து கொண்டே போகும். எனவே முதல் ஆறு மணி நேரம் தங்கமான நேரம். ஒரு குட்டிக்கு முதல் நாளில் 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது போக வேண்டும். பாலைப் பிரித்து வைப்பது ஏன் தப்பு என்று இப்போது புரிந்திருக்கும்.

பத்துப் பன்னிரண்டு குட்டி இருந்தால் முதலில் பிறந்த திடமான குட்டிகளே மடியைப் பிடித்துக் கொள்ளும். கடைசியாகப் பிறந்த சின்னது இடிபட்டு ஓரமாக நிற்கும். பெரிய குட்டிகள் வயிறார குடித்ததும் அவற்றை வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து விட்டு, சின்னதுகளை மடியில் விடுங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை, ஒரு ராத்திரித் தூக்கம்தான் போகும். தாயே பால் விடாமல், மடி சூடாகிக் கல்லாகி, தீவனம் எடுக்காமல் படுத்திருந்தால் குட்டிக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லை, முதலில் தாய்க்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் கன்று ஈன்ற மாட்டின் சீம்பால் கிடைத்தால் அது ஓரளவு கை கொடுக்கும், தாய்ச் சீம்பாலுக்கு ஈடாகாது.

ஓசூர்க் குளிரை மறக்க வேண்டாம்

நம் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிறது. ரோஜாவுக்கும் நம் உடம்புக்கும் அது சுகம். பிறந்த பன்றிக் குட்டிக்கு எமன். உடம்பில் கொழுப்பே இல்லாமல், ஒன்றேகால் ஒன்றரைக் கிலோவில் பிறக்கிற குட்டிக்கு முதல் சில நாள் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மார்கழி, தை மாத ராத்திரியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிற குளிர் உங்களுக்கே தெரியும். குளிரில் நடுங்குகிற குட்டி பால் குடிக்காது, குடல் ஓட்டமும் மந்தமாகும். கிருமிக்கு அதுதான் சமயம்.

ஒரு மூலையில் பலகைப் பெட்டி, அதில் 100 வாட் பல்பு அல்லது சிவப்பு வெப்ப விளக்கு, கீழே உலர்ந்த கேழ்வரகுத் தாளோ கோணிச் சாக்கோ போதும். ஒயர் தாய்ப்பன்றியின் வாய்க்கு எட்டக் கூடாது, தாளில் படவும் கூடாது. கொட்டகையே எரிந்து போகும். சூடு போதுமா என்று குட்டிகளே சொல்லும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர். விளக்கை விட்டு ஓரமாக ஓடிப் படுத்தால் சூடு அதிகம். பக்கம் பக்கமாகப் பரவிப் படுத்திருந்தால் சரி. தாய்க்கு இந்தச் சூடு ஆகாது, அதனால் முழுக் கொட்டகையையும் சூடாக்க வேண்டாம்.

ஈரம் இன்னொரு எதிரி. தாய் உள்ளே வருவதற்கு முன் தரையைச் சுரண்டிச் சாணத்தை எடுத்து, சலவை சோடா கலந்த சுடுதண்ணி ஊற்றித் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காய விட வேண்டும். சாணம் ஒட்டியிருக்கும் தரையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. ஐந்தாறு நாள் காலியாகக் கிடந்தால் நல்லது. ஈனுவதற்கு ஐந்து நாள் முன்பு, அதாவது 109ஆம் நாள் வாக்கில், தாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மடியையும் காம்புகளையும் கழுவி உள்ளே விடுங்கள். குட்டி முதலில் வாயில் வைப்பது அந்தக் காம்பைத்தான். அதில் சாணம் ஒட்டியிருந்தால் சீம்பாலுக்கு முன்பே கிருமி போய் விடும். பெரிய பண்ணையில் வேலை செய்கிறவர்கள் சின்னக் குட்டிகளின் அறையை முதலில் முடித்து விட்டுப் பிறகு பெரிய பன்றிகளிடம் போகட்டும். கழிகிற குட்டிகள் இருக்கும் அறை எல்லாவற்றுக்கும் கடைசி. அதே செருப்பு, அதே துடைப்பத்தோடு அறைக்கு அறை போனால் கிருமிக்கு நாமே வண்டி.

கழிய ஆரம்பித்து விட்டால்

முதல் வேலை தண்ணி கொடுப்பது. வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலமே போதும். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணியில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரைச் சொம்பு என்று கண் அளவு வேண்டாம். உப்பு கூடினால் அதுவே விஷம். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 முதல் 10 மில்லி, வாயின் ஓரமாக மெதுவாக, ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை கொடுங்கள். தட்டையான கிண்ணத்திலும் வைக்கலாம். கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். விழுங்க முடியாமல் துவண்டு கிடக்கும் குட்டிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் விடும். அதற்கு மருத்துவர்தான் ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும்.

இது வெறும் உப்புத் தண்ணி என்று நினைக்காதீர்கள். 1971இல் வங்கதேசப் போரின் போது எல்லையில் பன்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்து போனது. திலிப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த கரைசலை டிரம்மில் கரைத்து, சொந்தக்காரர்களையே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் காலமானார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பை உள்ளே இழுக்கும், உப்போடு தண்ணியும் போகும். ஈ.கோலை குடலைப் புண்ணாக்காததால் குட்டியிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ரத்தக் கழிச்சலில் குடலே அழுகி விடுவதால் அங்கே இது அவ்வளவு பலன் தராது.

அடுத்தது மருந்து. இங்கேதான் நாம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. "போன தடவை போட்ட ஊசி பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு", "மருந்துக் கடைக்காரரே பார்த்துக் கொடுத்தார்" என்று ஆன்டிபயாட்டிக் போடுகிற பழக்கம் நல்லதில்லை. அரைகுறை அளவில் போட்டால் பலவீனமான கிருமி செத்து, பலமானது மிஞ்சிப் பெருகும். அடுத்த ஈற்றுக்கு அந்த மருந்து கேட்காது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. மனிதர்களுக்கு வேறு எதுவும் கேட்காத போது ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போடுவது. அதையே பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2015இல் சீனாவில் பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில், கொலிஸ்டினுக்கு அடங்காத குணம் ஒரு கிருமியில் இருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுவதைக் கண்டு பிடித்தார்கள். 2019 ஜூலையில் நம் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் விற்பதைத் தடை செய்தது. பழைய சரக்கு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நம் கொட்டகையில் மருந்துக்கு அடங்காமல் வளர்கிற கிருமி நம் கைக்குழந்தைக்கும் வரும்.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈ.கோலைக் கழிச்சலுக்கு மருத்துவர் பார்த்துத் தருகிற சரியான மருந்து, சரியான அளவில், சொன்ன நாள் முழுக்க கொடுத்தால் நல்ல பலன் உண்டு. மருந்து போடுவதற்கு முன்பே கழிச்சலின் மாதிரி எடுத்து எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் செத்த குட்டி இருந்தால் புதைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐஸ் வைத்த பெட்டியில் சீக்கிரம் ஆய்வகத்துக்குப் போனால், உயிரோடு இருக்கும் மற்ற குட்டிகளைக் காப்பாற்ற அது வழி காட்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி இன்னும் கிட்டம். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குட்டி மட்டும் இல்லாமல் பெரிய பன்றிகளும் கடும் காய்ச்சலில் விழுந்து, காது, வயிறு சிவந்து, அடுத்தடுத்துச் செத்தால் அது இந்தப் பேதி இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். இந்தியாவில் அது 2020இல் அசாமில் முதலில் தெரிந்தது, 2022இல் கேரளாவின் வயநாட்டுக்கு வந்தது. மனிதருக்கு ஒட்டாது, ஆனால் மருந்தும் கிடையாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ஹோட்டல், கேன்டீன் மிச்சச் சாப்பாட்டை நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடாதீர்கள். பயத்தில் மிச்சப் பன்றிகளைச் சந்தைக்கு ஓட்டவும் கூடாது.

கொட்டகை வேலை முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அடுப்பங்கரைக்குப் போக வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். கழிகிற குட்டிகள் இருக்கும் நாட்களில் சின்னப் பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விட வேண்டாம். சாணத்தைக் குழியில் போட்டு மூடுங்கள், கழுவின தண்ணி கிணற்றுப் பக்கமோ ஏரிக்கோ போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்றிக்குக் கடன் கேட்டு மனு வரும் போது குட்டி வாங்கும் விலையை மட்டும் போடாமல் வெப்ப விளக்கு, பெட்டி, தாய்க்கான தடுப்பூசி ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே தீர்மானம் எழுதுங்கள். சினைப்பட்ட தேதி, 109ஆம் நாள், ஈன்ற தேதி, கழிச்சல் ஆரம்பித்த நாள், போட்ட மருந்தின் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எழுதட்டும். மருத்துவர் வரும் போது அந்த நோட்டை முதலில் காட்டுங்கள்.